வரையாட்டுக்குத் தலைக்கணக்கு

தருமபுரிப் பக்கத்து வாசகர்களுக்கு வத்தல்மலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி மேலே போனால் கேழ்வரகும் சாமையும் விளைகிற பூமி, காப்பித் தோட்டங்கள், நடு நடுவே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். அங்கே பாறை மேல் ஒரு வெள்ளாடு ஏறி நின்று தழை கடித்தால், "அடேயப்பா! கால் வழுக்காதோ?" என்று பட்டணத்துக் குழந்தைகள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் பொழுது சாய்ந்ததும் ஆட்டுக்காரி ஒரு குரல் கொடுத்தால் போதும். மந்தை முழுவதும் பட்டிக்கு வந்துவிடும். அவள் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே விடுவாள். ஒன்று குறைந்தால் அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்காது.

பட்டியே இல்லாத ஆட்டை எப்படி எண்ணுவது? கூப்பிட்டால் அது வராது. ஆளைக் கண்டால் நிற்காது. நாலே தாவலில் செங்குத்துப் பாறைக்குள் மறைந்துவிடும். அப்படிப்பட்ட ஓர் ஆடுதான் நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதன் பெயர் வரையாடு. 'வரை' என்றால் மலை. மலையில் வாழும் ஆடு என்று பொருள்.

வரையாட்டைத் தேடிக்கொண்டு நீங்கள் வத்தல்மலைக்குப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். வத்தல்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. வரையாட்டின் வீடோ மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. நீலகிரியில் தொடங்கி, ஆனைமலை, பழனிமலை, மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் மலை என்று தெற்கே இறங்கி, கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் வரையில் சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்குள் அதன் உலகம் அடங்கிவிடுகிறது. பூமியில் வேறெந்தக் காட்டிலும் இந்த ஆடு கிடையாது.

அந்த 400 கிலோமீட்டரிலும் எங்கு வேண்டுமானாலும் அது தங்கிவிடாது. பெரும்பாலும் 1,200 மீட்டர் உயரத்துக்கு மேலே, ஒரு பக்கம் புல்வெளியும் மறுபக்கம் செங்குத்துப் பாறையுமாக இருக்கிற இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். புல்வெளி அதற்குச் சமையலறை மாதிரி; பாறைதான் தாழ்ப்பாள் போட்ட கதவு. புலியோ, சிறுத்தையோ, செந்நாயோ வந்தால் வரையாடு பாறை விளிம்புக்கு ஓடி, ஒரு கையளவு கல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் நின்றுகொள்ளும். துரத்தி வந்த பகைவன் மேலே நின்று நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டியதுதான்!

பெயர் ஆடு, உறவு செம்மறி

நம் முன்னோர்களுக்கு இந்த மிருகம் புதிதல்ல. சங்கப் பாடல்களில் மலைநாட்டை வர்ணிக்கும்போது 'வருடை' என்று ஒரு விலங்கைப் புலவர்கள் குறிப்பிடுகிறார்கள். அது வரையாடுதான் என்பது அறிஞர்கள் பலருடைய அபிப்பிராயம். பரிபாடலில் மேட ராசிக்கே 'வருடை' என்று பெயர் வருகிறது. மேட ராசிக்காரர்கள் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேடம் என்பது செம்மறிக் கடா அல்லவா? வரையாட்டை மேல்நாட்டு விஞ்ஞானிகள் நெடுங்காலம் இமயமலையில் உள்ள 'தார்' என்ற காட்டாட்டின் தம்பி என்றே நினைத்திருந்தார்கள். 2005-ம் ஆண்டில் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வரையாடு இமயமலை ஆட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரியவந்தது. அதனால் வரையாட்டுக்கென்று தனிப் பேரினம் ஒன்றையே ஏற்படுத்தி, நீலகிரியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அமெரிக்காவில் ராக்கி மலைகளின் பாறைகளில் தாவுகிறதே பெருங்கொம்பு ஆடு, அதுவும் செம்மறி இனத்தைச் சேர்ந்தது. எனவே அதையும் நம் வரையாட்டின் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

வளர்ந்த கிடா 80 முதல் 100 கிலோ வரை எடை இருக்கும். உடம்பெல்லாம் கருத்த பழுப்பு நிறம். முதுகில் மட்டும் வெண்சாம்பல் நிறத்தில் சேணம் கட்டியது போல ஒரு திட்டு. பெட்டை ஆடு அதில் பாதி எடைதான், நிறமும் வெளிர். கொம்பு இரண்டு பேருக்கும் உண்டு, பின்னோக்கி வளைந்திருக்கும். மழைக்காலத்தில் இணை சேர்ந்து, ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி போடுகிறது. ஒரு பேற்றுக்குப் பொதுவாக ஒரே ஒரு குட்டிதான். மந்தை பெருகுவது எவ்வளவு நிதானமான காரியம் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

எண்ணத் தொடங்கியவர்கள்

வெள்ளைக்காரர்கள் காலத்தில் நீலகிரியில் வரையாட்டை வேட்டையாடுவது பெரிய வீரமாக இருந்தது. சுட்டுத் தள்ளிய வேகத்தில் மிருகங்கள் குறைந்துபோகவே, வேட்டைக்காரர்களே பயந்துபோய் 1877-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை மிருகங்களைப் பாதுகாக்கச் சட்டமும் வந்தது. நாளைக்குச் சுடுவதற்கு மிச்சம் வேண்டும் என்ற கவலைதான் அதில் அதிகம் என்றாலும், அந்தக் கட்டுப்பாட்டினால் பல உயிர்கள் தப்பின என்பதை மறுக்க முடியாது.

'எத்தனை இருக்கின்றன? எங்கே இருக்கின்றன?' என்று அன்போடு கேட்டவர்கள் பின்னால்தான் வந்தார்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஈ. ஆர். சி. டேவிதார். குன்னூரில் வக்கீலாக இருந்தவர். கோர்ட்டும் கட்சிக்காரருமாக இருந்த மனிதருக்குக் காட்டின் மேல் தீராத பிரியம். நீலகிரியில் எண்ணிப் பார்த்ததோடு திருப்தி அடையாமல், 1975 முதல் வரையாடு இருக்கக் கூடிய மலைகளையெல்லாம் தேடிப் போய், எந்த மலையில் உண்டு, எந்த மலையில் இல்லை என்று எழுதி வைத்தார். இன்றைக்கு அக்டோபர் 7-ந் தேதியை 'வரையாடு தினம்' என்று தமிழக அரசாங்கம் கொண்டாடுவது இவருடைய நினைவாகத்தான்.

1969-ல் ஜார்ஜ் ஷாலர் என்ற அமெரிக்க விஞ்ஞானி மூணாறுக்கு அருகில் உள்ள இரவிகுளத்துக்கு வந்து வரையாடுகளைக் கவனித்தார். பத்தாண்டுகள் கழித்து, 1979-லிருந்து 1981 வரை, கிளிஃபோர்டு ரைஸ் என்ற மற்றோர் அமெரிக்கர் அதே இடத்தில் தங்கினார். கூச்சம் மிகுந்த இந்த ஆட்டை அவர் எப்படி நெருங்கினார் தெரியுமா? நம் வீட்டு அடுப்படியில் இருக்கிறதே உப்பு, அதைக் கொண்டுதான்! உப்பின் ருசிக்கு மயங்கிய ஆடுகள் மெல்ல மெல்ல மனிதவாடைக்குப் பழகின. அவற்றில் சிலவற்றைப் பிடித்து அடையாளம் இட்டு விட்டுவிட்டு, எந்த ஆடு எங்கே போகிறது, எந்தத் தாயின் குட்டி பிழைத்தது என்று அவரால் தொடர்ந்து பார்க்க முடிந்தது.

பெயர் வெளியே தெரியாதவர்களும் உண்டு. இரவிகுளம் பகுதியில் முதுவர் இன மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காவலர்களாக வேலை பார்த்திருக்கிறார்கள். எந்த ஓடைக்குப் பின்னால் மந்தை காலையில் மேயும், மூடுபனி இறங்கினால் எந்தப் பாறைக்குத் திரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இரவிகுளம் 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. இன்று மற்ற எல்லா இடங்களையும்விட அங்கேதான் வரையாடுகள் அதிகம்.

இல்லாத ஆட்டைப் பார்க்க முடியுமா?

தமிழக அரசாங்கம் 2022 டிசம்பரில் நீலகிரி வரையாட்டுத் திட்டத்துக்கு உத்தரவு போட்டது. 5 ஆண்டுகளுக்கு 25 கோடியே 14 லட்சம் ரூபாய் ஒதுக்கீடு. 2023 அக்டோபரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். திட்டத்தின் முதல் வேலைகளில் ஒன்று தலைக்கணக்கு.

கணக்கெடுக்கப் போகிறவர்கள் தென்மேற்குப் பருவமழை வருவதற்கு முன், ஏப்ரல் கடைசி வாக்கில் கிளம்புகிறார்கள். மலையைப் பல துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குழு என்று, எல்லோரும் அதே நாட்களில் ஏறுகிறார்கள். ஏன் ஒரே சமயத்தில்? இன்றைக்கு இந்த மலையில் எண்ணிய மந்தை நாளைக்கு அடுத்த மலைக்குப் போய்விட்டால், அங்கேயும் எண்ணிக் கணக்கைக் கெடுத்துவிடுவார்கள் அல்லவா? தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோடு ஆட்டுக்குத் தெரியாது. ஆகையால்தான் 2025-ல் இரண்டு மாநிலத்தாரும் ஏப்ரல் 24 முதல் 27 வரை சேர்ந்தே எண்ணினார்கள்.

எண்ணுவதிலும் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். முதல் நாள் 14 ஆடுகள் கண்ணில் பட்டன, மறுநாள் 19, அதற்கடுத்த நாள் 16 என்று வைத்துக்கொள்வோம். எதை நம்புவது? ஒரு குழுவே இரண்டு முறை எண்ணிக்கொள்ளாமல் கவனமாக இருந்தால், இருக்கிற ஆட்டைப் பார்க்காமல் தவறவிடலாமே தவிர, இல்லாத ஆட்டைப் பார்க்க முடியாது. ஆகவே 19-தான் உண்மைக்குக் கிட்டே இருக்கிறது. குறைந்தது அவ்வளவாவது அங்கே உண்டு.

இரண்டாவது வழி இன்னும் சாமர்த்தியமானது. இரண்டு குழுக்கள் ஒரே பாதையில், ஒன்றன் பின் ஒன்றாகச் சற்று நேரம் விட்டு நடக்கின்றன. ஒருவர் பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. பிறகு இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். முதல் குழு 8 மந்தைகளைக் கண்டது. இரண்டாவது குழு 9 மந்தைகளைக் கண்டது. இரண்டு பேர் கண்ணிலும் பட்டவை 6. அதாவது இரண்டாவது குழு கண்ட 9-ல் முதல் குழுவின் கண்ணில் பட்டது மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் முதல் குழு பார்த்த 8 மந்தைகளும் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகத்தானே இருக்கும்? மொத்தம் 12 என்று கணக்கு வருகிறது. இருவருமாகச் சேர்ந்து பார்த்தது 11. ஆக, யார் கண்ணிலும் படாமல் ஒரு மந்தை எங்கோ பாறை மறைவில் நிற்கிறது! பார்க்காத மந்தையையும் கணக்கில் பிடித்துவிடுகிற இந்த வித்தையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பின்னக் கணக்கின் மேல் அவர்களுக்கு உள்ள கோபம் கொஞ்சம் தணியும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. கிடா எத்தனை, பெட்டை எத்தனை, ஒரு வயதுக் குட்டி எத்தனை, பால்குடிக் குட்டி எத்தனை என்று பிரித்து எழுத வேண்டும். பெட்டைகள் நிறைய இருந்தும் குட்டிகள் குறைவாக இருந்தால் அந்த மந்தையில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். புழுக்கைகளைப் பொறுக்கிப் பரிசோதனைக்கு அனுப்பினால் வயிற்றில் உள்ள பூச்சி கூடத் தெரிந்துவிடும். 2025-ல் இந்த விவரங்களைப் பதிவு செய்ய ஒரு கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தினார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? சங்கப் புலவர்களின் 'வருடை'யேதான்!

காவலும் கவனமும்

ஆட்டின் கழுத்தில் ரேடியோப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டால், அது போகிற இடமெல்லாம் தானாகத் தெரியும். அமெரிக்காவில் பெருங்கொம்பு ஆடுகளை ஹெலிகாப்டரில் பறந்து எண்ணுகிறார்கள். பலவற்றுக்குப் பட்டையும் கட்டியிருக்கிறார்கள். அங்கே அதற்கு ஒரு முக்கியக் காரணம் நோய். வீட்டுச் செம்மறிகளோடு நெருங்கினால் காட்டு ஆடுகளுக்கு நிமோனியா தொற்றிக்கொள்கிறது. அதனால் மந்தை மந்தையாக மாண்டிருக்கின்றன. எந்தக் காட்டு மந்தை எந்த மேய்ச்சல் நிலத்தை நெருங்குகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் தடுக்க முடியும்.

நம் திட்டத்திலும் பட்டை கட்டும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் ஆட்டை மயக்க வேண்டும். மயக்க ஊசி பட்ட ஆடு பயந்து பாறை விளிம்புக்கு ஓடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 2024 டிசம்பரில் நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்காவில் பட்டை கட்டும் முயற்சியின்போது ஒரு பெண் வரையாடு இறந்துபோயிற்று. காப்பாற்றப் போன இடத்தில் நேர்ந்த அந்தச் சாவு பலருடைய மனத்தையும் உலுக்கியது. தூரத்தில் நின்று, பொறுமையாக, பைனாகுலர் வைத்துப் பார்க்கும் பழைய முறைக்கு உள்ள மதிப்பு இப்போதும் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

1,031-ம் 1,303-ம்

2024-ல் தமிழ்நாட்டில் கிடைத்த கணக்கு 1,031. 2025-ல் அது 1,303 ஆயிற்று. கேரளத்தையும் சேர்த்தால் மொத்தம் 2,600-ஐத் தாண்டுகிறது.

ஒரே வருஷத்தில் 272 கூடிவிட்டதே என்று பாயசம் வைத்துவிடலாமா? சற்றுப் பொறுங்கள். இரண்டாவது தடவை இன்னும் அதிகமான இடங்களுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கூடியதில் பிறந்த குட்டிகளும் உண்டு. முன்பு கண்ணில் படாமல் இருந்துவிட்டுப் பிறகு அகப்பட்டவையும் உண்டு. எப்படியானாலும் நல்ல செய்திதான். ஒரு மலையில் வரையாடு இருக்கிறது என்று எழுத்தில் பதிந்துவிட்டால், நாளைக்கு அந்தப் பக்கம் ரோடு போடவோ அணை கட்டவோ யோசனை வரும்போது 'இங்கே இத்தனை உயிர்கள் குடியிருக்கின்றன' என்று சொல்ல ஆதாரம் கிடைக்கிறது. பதியாத மந்தை அழிந்துபோனால் கேட்பாரே இல்லை. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரைப் போலத்தான்: எண்ணி அடுக்குகிற வீட்டில் ஒன்று குறைந்தால் அன்றே தெரியும், எண்ணாத வீட்டில் அலமாரி காலியான பிறகுதான் தெரியும்.

அப்படிச் சத்தமில்லாமல் குறைந்துபோகிற ஆபத்து இந்த ஆட்டுக்கு நிச்சயமாக இருக்கிறது. மொத்தக் கணக்கு ஆயிரக்கணக்கில் இருந்தாலும், பல மந்தைகள் தனித் தனி மலைகளில் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கின்றன. நடுவில் தேயிலைத் தோட்டம், ரஸ்தா, அணைக்கட்டு, ஊர். ஒரு மலையின் கிடா அடுத்த மலைக்குப் பெண் தேடிப் போக வழியில்லை. சின்ன மந்தை தனக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டிருந்தால் வம்சம் பலவீனப்படும். ஒரு நோயோ ஒரு கண்ணியோ போதும், அந்த மலையில் கதை முடிந்துவிடும்.

இன்னொரு பகை, மரம்! ஆம், மரம்தான். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் என்று நீலகிரியிலும் பழனிமலையிலும் சீகை மரத்தையும் தைல மரத்தையும் பைனையும் கொண்டுவந்து நட்டார்கள். வெறும் புல் மண்டிய நிலம் வீண் நிலம் என்று நினைத்த காலம் அது. இன்று சீகை தானாகவே விதை பரப்பிப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. புல் போனால் வரையாட்டுக்குச் சாப்பாடு போயிற்று. தொலைவில் வருகிற சிறுத்தையைப் பார்க்கும் வசதியும் போயிற்று. அந்தப் புல்வெளிதான் மழை நீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக ஓடைகளுக்கு அனுப்புகிறது. சமவெளியில் நாம் குழாயைத் திறந்து குடத்தை நிரப்புவதற்கும் அந்த மலைப் புல்லுக்கும் சம்பந்தம் உண்டு. ஆகவே அந்நிய மரங்களை அகற்றிப் புல்லைத் திரும்ப வளர்ப்பதும் திட்டத்தில் ஒரு பகுதி.

நீங்கள் மலைக்குப் போகும்போது

கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வால்பாறைக்குப் போகிறீர்களா? ஆழியாறு தாண்டி ஏறும் சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவை ஒட்டி வரையாடுகள் சாலையோரத்துக்கே வந்து நிற்பது உண்டு. பார்த்ததும் கட்டுச்சாதத்தையோ முறுக்கையோ நீட்டத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். மனிதன் கையிலிருந்து தின்னப் பழகிய ஆடு வண்டிச் சக்கரத்துக்குப் பயப்படாது, திருடனுக்கும் பயப்படாது. கொம்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பது சட்டப்படியும் குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பிராணி அது. பிஸ்கட் சுற்றிய காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் மூட்டை கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

இரவிகுளத்துக்குப் போவதானால் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். குட்டி போடும் காலத்தில் ஆண்டுதோறும் பூங்காவை மூடிவிடுவார்கள். பிரசவ வீட்டில் கூட்டம் கூடாது என்பது நமக்குத் தெரியாததா?

மற்ற மாதங்களில் போய், சாலையோரமாகச் சத்தம் போடாமல் நில்லுங்கள். பனி விலகும்போது பாறை விளிம்பில் ஒரு தாய் ஆடு தெரிந்தால், அவள் காலடியில் குட்டி நிற்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒருவர் எண்ணியதை மற்றவருக்குச் சொல்லாமல், இரண்டு பேர் தனித் தனியாக எண்ணட்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அந்தச் சண்டையை மட்டும் நீங்கள் தீர்த்து வைக்க வேண்டாம்!